தப்பு வந்தால் தாண்டிப் போ

அலுவலகத்தில் என்னைக் ‘கம்ப்யூட்டர் மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தபோது நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. உச்சி குளிர்ந்து போனேன். பி.காம் முடித்து எழுத்தராகச் சேர்ந்து, பாதி ஆயுசைக் கோப்புகளுக்கு நாடா கட்டியே கழித்தவளுக்கு அப்படி ஒரு பட்டம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பட்டம் கொடுத்தவர் எங்கள் பிரிவின் சூப்பரிண்டெண்ட், வங்காளிக்காரர். எல்லோருக்கும் அவர் தாதா, வங்காளியில் அண்ணன். கணினியைக் கண்டாலே இரண்டடி தள்ளி நிற்பார். அவர் கொடுத்த பட்டத்துக்கு என்ன மதிப்பு என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அலுவலகம் அந்தமானில், போர்ட் பிளேரில். ஊருக்குப் புதுப் பெயர் வைத்தாகிவிட்டது, எங்கள் வாயில் மட்டும் இன்னும் பழையதுதான் வருகிறது. எங்கள் பிரிவுக்கு ஊழியர்களின் இடமாற்ற வேலை. தொலைதூரத் தீவுகளில் மூன்று வருடம் வேலை செய்து முடித்தவர்கள் போர்ட் பிளேருக்குத் திரும்பலாம் என்பது விதி. வருடத்துக்கு ஒரு முறை அதற்கான பட்டியல் போடுவோம். பட்டியலில் பெயர் இருந்தால் வீடு வந்து சேரலாம். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு தீவிலிருந்தும் அங்குள்ள கிளை அலுவலகம் முடித்தவர்களின் பெயர்களை அனுப்பும். கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகு பல தீவுகளில் நெட் வந்துவிட்டது. ஆனாலும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள காகிதம் கப்பலில் வந்தால்தான் எங்களுக்குத் திருப்தி. ஒரு கவரில் காகிதம், அதே கவருக்குள் செல்லோடேப் போட்டு ஒட்டிய பென் டிரைவ். காகிதம் கோப்புக்குப் போகும், பென் டிரைவ் என்னிடம் வரும். நான் அதிலிருந்து எக்செல் ஃபைலை என் கணினிக்கு இழுத்துக்கொண்டு, பென் டிரைவை அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவேன். கடலில் பென் டிரைவ் போக வருவதைப் பார்த்து மெயின்லேண்டிலிருந்து வந்த ஒருவர் சிரித்தார். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

முன்பெல்லாம் இந்த ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்க எனக்கு நான்கு நாள் பிடிக்கும். ஒன்றைத் திறந்து, எடுத்து, ஒட்டி, மூடி, அடுத்ததைத் திறந்து... முதுகு ஒடிந்துவிடும். அப்போதுதான் மேக்ரோ என்று ஒன்று இருப்பது தெரிய வந்தது. எக்செல்லுக்கு நாமே எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியல்தான் அது. இந்த ஃபைலைத் திற, இந்த வரிகளை எடு, அந்தப் பக்கத்தில் வை, மூடு, அடுத்ததற்குப் போ என்று ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வீடு இருக்கும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தத்துக்கு வரும் படகில் தினமும் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு ஃபோனில் பாடம் கேட்டு அதைப் படித்தேன். எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்காது. கேட்காத பாதியைச் சாயங்காலப் படகில் திரும்பக் கேட்பேன். இரண்டு மாதத்தில் மேக்ரோ ஓடியது. நான்கு நாள் வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தது. தாதா மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. மழைக்காலத்தில் கப்பல் தள்ளிப் போகும். கவர் வந்திருக்காது. ஃபைல் இல்லாத இடத்துக்கு வந்ததும் மேக்ரோ நின்றுவிடும், ஒரு எரர் பெட்டி குதித்து வரும், எழுதிய வரிகளில் ஒன்று மஞ்சளாகி நிற்கும். மேக்ரோவை ஓட விட்டுவிட்டு நான் கேண்டீனில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது தாதா ஃபோன் செய்வார். “மேடம், ஜல்தி ஆவோ, படா எரர் ஆ கயா!” சீக்கிரம் வா, பெரிய எரர் வந்துவிட்டது என்று. ஏதோ அலுவலகத்துக்குள் முதலை புகுந்துவிட்ட மாதிரி இருக்கும் அவர் குரல். ஓடி வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது, ஏதோ ஒரு தீவின் ஃபைல் வரவில்லை என்பதுதான்.

நாலைந்து தடவை இட்லி ஆறிப்போன கோபத்தில் ஒரு வரியைச் சேர்த்தேன். மேக்ரோ படித்தவர்களுக்கெல்லாம் அந்த வரி தெரியும். தப்பு வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்பதுதான் அதன் பொருள். அதற்குப் பிறகு எரர் பெட்டி வரவே இல்லை. என் பிரிவில் அமைதி நிலவியது.

தீவுக்காரியான எனக்கு அந்த வரியில் ஒரு வில்லங்கமும் தெரியவில்லை. எங்கள் வாழ்க்கையே அப்படித்தானே நடக்கிறது? வெங்காயம் வரவில்லையா, கப்பல் வரவில்லை. கல்யாணத்துக்கு மாமா வரவில்லையா, கப்பல் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம். அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தப் பழக்கத்தை மேக்ரோவுக்கும் கற்றுக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான். வராத ஃபைல் பிறகு வந்தால் இன்னொரு தடவை பொத்தானை அழுத்திக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

போதாக்குறைக்கு இன்னொரு வரியும் போட்டேன். சில தீவுகளில் ஒரே ஆளின் பெயரை இரண்டு தடவை அடித்து அனுப்புவார்கள். அதனால் ஒரே மாதிரி இரண்டு வரி இருந்தால் ஒன்றை அழித்துவிடு என்று எழுதினேன். இரண்டும் தனித்தனியாக நல்ல காரியம். இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருடம் வரைவுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. யாரும் பெரிதாக ஆட்சேபம் சொல்லவில்லை. அன்று மாலை நான்கு மணிக்கு எங்கள் அதிகாரி இறுதி உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் காலை விமானத்தில் அவர் நீண்ட விடுப்பில் மெயின்லேண்டுக்குப் போகிறார். உத்தரவு டைப் ஆகிக்கொண்டிருந்தது.

பத்தரை மணிக்கு ஒருவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். முப்பத்தைந்து வயது இருக்கும். விரல் நகங்களில் எஞ்சின் ஆயில் கறை. வண்டூரில் சுற்றுலாப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவன் என்று சொன்னான்.

“அக்கா, என் வீட்டுக்காரி பேரு லிஸ்ட்ல இல்ல.”

எந்தத் தீவு என்று கேட்டேன். தெற்கே, கப்பல் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும் தீவு ஒன்றைச் சொன்னான். அங்குள்ள எங்கள் கிளை அலுவலகத்திலேயே அவள் இளநிலை எழுத்தராம்.

“மூணு வருஷம் முடிஞ்சிருந்தா தானா வந்திருக்கும் தம்பி. இது கம்ப்யூட்டர் எடுத்த லிஸ்ட். ஆள் கை படல.”

“பூரா தீன் சால் ஆயிருச்சு அக்கா. அவ போறப்ப பொண்ணுக்கு ரெண்டு வயசு. இப்ப ஸ்கூல் போவுது. அம்மா வந்தா எத்தன நாள் இருப்பாங்கன்னு என்கிட்ட கேக்குது, ஏதோ மெஹ்மான் விருந்துக்கு வர்ற மாதிரி.”

எனக்குச் சட்டென்று கோபம் வரும். அன்றும் வந்தது. உத்தரவு நாளன்று இப்படி நாலு பேர் வந்து நிற்பது வழக்கம்தான். ஒவ்வொருவரும் ஒரு கதை வைத்திருப்பார்கள்.

“எல்லார் வீட்லயும் கொழந்த இருக்கு தம்பி. கம்ப்யூட்டர் என்ன பொய்யா சொல்லும்? அங்கேர்ந்து பேரே அனுப்பியிருக்க மாட்டாங்க. போய் உங்க வீட்டுக்காரிய கேளுங்க.”

அவன் போகவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“அந்த லிஸ்ட்ட அடிச்சதே அவதான் அக்கா. ஆறு பேரு. நாலாவது அவ பேரு. சாப்கிட்ட சைன் வாங்கி, கவர்ல போட்டு, ஜஹாஸ்ல ஏத்தினதும் அவதான். இங்க போர்டுல பாத்தா அந்தத் தீவுலேர்ந்து ஒருத்தர் பேரு கூட இல்ல. ஏக் பீ நஹீ.”

ஒருத்தர் பெயர்கூட இல்லையா? ஒரு பெயர் விடுபடலாம், இரண்டு விடுபடலாம். ஒரு தீவே எப்படி விடுபடும்? வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் பட்டியலைத் திறந்து, அந்தத் தீவின் பெயரை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

ஃபைல் வரவில்லையோ என்று பார்த்தேன். வந்திருந்தது. மற்ற தீவுகளின் ஃபைல்களோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இரண்டு தடவை அழுத்தித் திறந்தேன். ஃபைல் கெட்டுவிட்டது, திறக்க முடியாது என்று எக்செல் சொன்னது. பென் டிரைவிலேயே கெட்டு வந்ததா, இல்லை நான்தான் சாப்பாட்டு அவசரத்தில் பாதி இழுத்துக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைப் பிடுங்கிவிட்டேனா, எனக்கு இன்று வரை தெரியாது. பென் டிரைவ் அதற்குள் கப்பலேறித் திரும்பிப் போய்விட்டிருந்தது.

என் வரியை, அந்தத் தாண்டிப் போகும் வரியை அழித்துவிட்டு மேக்ரோவை ஓட்டினேன். அந்தத் தீவுக்கு வந்ததும் டக்கென்று நின்றது. எரர் பெட்டி வந்தது. மஞ்சள் வரி வந்தது. இத்தனை நாள் என் இட்லியைக் கெடுத்த அதே மஞ்சள். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. பாவி, நீ ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாய், நான்தானே உன் வாயைப் பொத்தினேன்.

பிறகு ஒவ்வொரு வரியாக நகர்த்திப் பார்த்தேன். நடந்தது புரிந்தது. கெட்ட ஃபைல் திறக்கவில்லை. தப்பு வந்தால் தாண்டிப் போ என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா, மேக்ரோ தாண்டிப் போனது. ஆனால் அதன் கையில் அதற்கு முந்தைய தீவின் பெயர்கள் அப்படியே இருந்தன. அவற்றையே இன்னொரு தடவை பட்டியலில் வைத்தது. அதோடு விட்டிருந்தாலாவது ஒரே பெயர்கள் இரண்டு தடவை வருகிறதே என்று யாராவது பிடித்திருப்பார்கள். ஆனால் இரட்டை வரிகளை அழிக்கச் சொன்ன என் இரண்டாவது நல்ல காரியம் வந்து அந்தத் தடயத்தையும் துடைத்து வைத்துவிட்டது. திருடனுக்கு வாசலைத் திறந்துவிட்டுக் கால்தடத்தையும் நானே கழுவியிருக்கிறேன். எரர் இல்லை, இரட்டைப் பெயர் இல்லை. பளிச்சென்று ஒரு பட்டியல், ஒரு தீவு மட்டும் இல்லாமல்.

தாதாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. அந்த ஆறு பேர் திரும்பி வர வேண்டுமென்றால் இங்கிருந்து ஆறு பேர் அங்கே போக வேண்டும். அடித்த உத்தரவு முழுவதையும் கலைத்து மறுபடி அடிக்க வேண்டும். மணி பதினொன்றரை ஆகியிருந்தது. தாதா எங்கள் ஊரின் சர்வரோக நிவாரணியை எடுத்து நீட்டினார்.

“மேடம், டென்ஷன் மத் லோ. நோட் மே லிக் தோ, ஜஹாஸ் லேட் தா. பஸ், காம் கதம்.”

கப்பல் தாமதம் என்று எழுதிவிடு, வேலை முடிந்தது. உண்மையாகவே முடிந்திருக்கும். இந்தத் தீவுகளில் அந்த இரண்டு வார்த்தையை எழுதினால் எவரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். மந்திரியே கேட்டாலும் தலையாட்டிவிட்டுப் போவார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. என் பதவி உயர்வுக் கோப்பு அதே அதிகாரியின் மேசையில்தான் இருந்தது. தலைமை எழுத்தர் ஆவதற்கு எத்தனையோ வருடமாகக் காத்திருக்கிறேன். இந்த நேரத்தில் என் பெயருக்கு எதிராக ஒரு குறிப்பு ஏறினால் அது இன்னும் எத்தனை வருடம் தூங்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் கப்பல் தாமதம் என்று எழுதினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அது அந்தத் தீவின் பாடு என்று ஆகிவிடும். இந்தப் பட்டியல் இப்படியே கையெழுத்தாகும். அந்த ஆறு பேர் துணைப் பட்டியலுக்குத் தள்ளப்படுவார்கள். துணைப் பட்டியல் விரைவில் வெளியிடப்படும் என்று ஒவ்வொரு வருடமும் உத்தரவின் கடைசியில் நானே டைப் செய்கிறேன். என் சர்வீஸில் ஒரு தடவைகூட அது வெளிவந்து நான் பார்த்ததில்லை. தப்பு எங்கள் மேசையில் நடந்தது என்று எழுத்தில் இருந்தால்தான் இன்றைக்கே பட்டியலைத் திருத்தியாக வேண்டும். வேறு வழியே இல்லை. யாரோ ஒருத்தி வீட்டுக்கு வர வேண்டுமென்றால் நான் மாட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அவள்மேல்கூட ஒரு நிமிடம் எரிச்சல் வந்தது, பொய் சொல்வானேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் ஒட்டிய எங்கள் பட்டியலை மறுபடியும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருந்தான், இதற்கு முன் படித்தபோது தன் கண்தான் தவறவிட்டதோ என்பதுபோல. எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். அந்த வருடத்துக் காகிதக் கோப்பில், கீழிருந்து மூன்றாவதாக, அந்தத் தீவின் கவர் இருந்தது. வந்து சேர்ந்த தேதியும் முத்திரையும் குத்தி, உள்ளே அழகாக டைப் அடித்த ஒரு தாள். ஆறு பெயர்கள். நாலாவது ஒரு பெண் பெயர், பதவி இளநிலை எழுத்தர். அந்தத் தாளைக் கோப்பில் வைத்து நூல் கோத்ததும் நான்தான். கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று படிக்காமல் கோத்திருக்கிறேன்.

தாள் கிடைத்ததும் பாதி உயிர் வந்தது. மீதி உயிருக்காக அதிகாரிக்கு நோட் எழுதினேன். கையால் எழுதினேன். ஃபைல் கெட்டிருந்தது, அதை மேக்ரோ சொல்லாதபடி செய்தது நான், கையெழுத்திட்ட பிரதி உரிய காலத்தில் வந்துவிட்டது, அதோடு ஒப்பிட்டுப் பார்க்காததும் நான். நாலே வரி. தாதா அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் கையெழுத்துக்குக் கீழே தானும் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் கொடுத்த யோசனையை அந்தக் கணமே மன்னித்துவிட்டேன்.

அதிகாரி வடக்கத்திக்காரர், அதிகம் பேசாதவர். நோட்டை இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. மற்ற தீவுகளின் பெயர்கள் சரியாக இருக்கின்றன என்று உனக்கு எப்படித் தெரியும் என்று ஹிந்தியில் கேட்டார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நாலரை வரை நேரம் கொடுத்தார்.

மதியச் சாப்பாடு யாருக்கும் இல்லை. தாதா ஒவ்வொரு தீவின் காகிதத்தையும் எடுத்துச் சத்தமாகப் பெயர் படித்தார், நான் பட்டியலில் பென்சிலால் குறி போட்டேன். வங்காளி வாயில் தமிழ்ப் பெயரும் தெலுங்குப் பெயரும் படாத பாடு பட்டன. ஒவ்வொரு தீவு சரியாக முடியும்போதும் எனக்கு ஒரு மூச்சு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அந்த ஒரு தீவைத் தவிர யாரும் விடுபடவில்லை. ஆறு பேரையும் சேர்த்து, அவர்களுக்குப் பதிலாகப் போக வேண்டிய ஆறு பேரையும் முறைப்படி எடுத்து, உத்தரவை மறுபடி அடித்து முடித்தபோது நாலேகால். போக வேண்டிய ஆறு பேர் மறுநாள் என்னிடம் பேசிய பேச்சு இங்கே எழுதத் தகுந்ததல்ல.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். என் நோட்டின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். இனி எல்லாப் பட்டியலும் காகிதத்தோடு ஒப்பிடப்பட வேண்டும். மெமோ இல்லை, கண்டனம் இல்லை. அறையை விட்டு வெளியே வந்ததும் அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். வராந்தாவில் போன பியூன் திரும்பிப் பார்த்தான்.

பெஞ்சில் அவன் இன்னும் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை போலிருக்கிறது.

“வந்துருச்சு தம்பி,” என்றேன்.

அவன் நம்பவில்லை. “காமிங்க அக்கா,” என்று எழுந்து நின்றான்.

காட்டினேன். ஆயில் கறை படிந்த விரலைப் பெயரின்மேல் படாமல், ஒரு அரை அங்குலம் மேலே வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தான். ஃபோனில் படம் எடுத்தான். எடுத்தவன் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

“பானி மிலேகா, அக்கா?”

என் பாட்டிலையே கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தான். குடித்துவிட்டு, “காலைல நீங்க போன்னு சொன்னப்ப போயிருப்பேன். வீட்டுக்குப் போனா பொண்ணுகிட்ட என்னத்த சொல்றதுன்னுதான் உக்காந்தேன்,” என்றான். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிச்சுக்கோ தம்பி என்று சொன்னேன். அலுவலகத்தில் வெளியாள் ஒருவரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் முதல் வேலையாக, முந்தைய இரண்டு வருடப் பட்டியல்களையும் காகிதத்தோடு ஒப்பிட்டேன். இதை யாரும் செய்யச் சொல்லவில்லை. இரவெல்லாம் எனக்கு அந்தப் பயம்தான். கேட்கக் கணவன் இல்லாமல், பெஞ்சில் உட்கார ஆள் இல்லாமல் எவளாவது எங்காவது என் வரியால் தாண்டப்பட்டிருந்தால்? மதியத்துக்குள் முடித்தேன். யாரும் விடுபடவில்லை. இரண்டு வருடமும் ஃபைல்கள் நல்லபடியாகவே வந்திருந்தன. அன்று கேண்டீனில் நான்கு இட்லி சாப்பிட்டேன்.

மேக்ரோவை அந்த வாரமே மாற்றி எழுதினேன். இப்போது அது ஒவ்வொரு தீவுக்கும் முன்னால் தன் கையைக் காலி செய்துகொள்கிறது. ஃபைல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. இல்லையென்றாலோ திறக்க முடியவில்லையென்றாலோ அந்தத் தீவின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறது. தாதாவுக்குப் புரியும்படி ஹிந்தியிலேயே செய்தி வைத்திருக்கிறேன். இரட்டை வரிகளை அழிப்பதில்லை, நிறம் பூசிக் காட்டுகிறது. கடைசியில் எந்தத் தீவிலிருந்து எத்தனை பேர் என்று ஒரு தனிப் பக்கம் போடுகிறது. சைபர் என்று இருந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகும். அடிக்கடி நிற்கிறது. பட்டியல் போடும் மாதத்தில் பாதி நாள் தாதா என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறார். கத்தட்டும்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலை, பணியில் சேரும் கடிதத்தோடு ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். வெயிலில் கறுத்த முகம். கூடவே பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, அம்மாவின் சுடிதார் துப்பட்டாவைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். பெயரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

கடிதத்தை நீட்டியவள் தயங்கினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த ஃபைல் நான் அடிச்சதுதான். அதுல என்ன கல்தி பண்ணினேன்னு சொன்னீங்கன்னா, அடுத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துடுவேன்.”

எனக்குப் புரியவில்லை. என்ன தப்பு என்று கேட்டேன்.

“போர்டுல எங்க ஆறு பேர் பேரும் இல்லன்னு அவர் ஃபோன் பண்ணினாரு. நான்தான் ஏதோ தப்பா சேவ் பண்ணிட்டேன்னு நெனச்சேன். என்னால மத்த அஞ்சு பேருக்கும் போச்சேன்னு அவங்க மொகத்தப் பாக்கவே முடியல. கேக்கப் போகாதீங்க, எம்மேலதான் வரும்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அவர் கேக்கல, வந்துட்டாரு. ஆர்டர் வந்தப்புறமும் எனக்கு மனசு ஆறல. மெமோ வரும்னு பாத்துட்டே இருந்தேன்.”

அந்த ஒரு வாரம் முழுக்க, அதற்குப் பிறகு இந்த ஒன்றரை மாதமும், என் தப்பை இவள் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். நான் நோட்டில் எழுதினேன், அதிகாரியிடம் சொன்னேன், கணவனிடம் மன்னிப்புக் கேட்டேன், மேக்ரோவைத் திருத்தினேன். இவளுக்கு ஒரு ஃபோன் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

“நீங்க அடிச்சதுல ஒரு தப்பும் இல்லம்மா,” என்றேன். “தப்பு என் மேக்ரோவுல. நான் எழுதினது.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்ளப் பார்த்தாள். அதன் முனை மகளின் கையில் இருந்தது. மகள் விடவில்லை. அவள் முகத்தை மூடாமலே அழுதாள்.

அலமாரியைத் திறந்து, என் கையெழுத்து உள்ள அந்த நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.